பூவிலிருந்து ‘தேன்’ காய்ச்சலாமா?

‘ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பது பழமொழி. கரும்பாலை இல்லாத காலத்தில் இனிப்புக்காகப் பூவை நாடினர் நம் முன்னோர். இன்று நிலைமை மாறிவிட்டது. சர்க்கரை எல்லா ஊரிலும் மலிவாகக் கிடைக்கிறது. நல்ல தேன்தான் அரிதாகிவிட்டது. ஆகவே சர்க்கரையையும் பூவையும் சேர்த்துக் காய்ச்சித் தேன் போன்ற ஒரு பாகினை வீட்டிலேயே செய்துகொள்ளும் வழக்கம் உலகின் சில பகுதிகளில் உள்ளது. ஐரோப்பாவில் இளவேனிற்காலத்தில் புல்வெளிகளில் மஞ்சள் நிறமாகப் பூக்கும் டான்டெலியன் என்னும் சிறு பூவைப் பறித்து, எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சுவர். அது நிறத்திலும் குழைவிலும் இனிப்பிலும் தேனைப் போலவே இருக்கும். தேனீ தொடாத அந்தப் பாகினையும் பேச்சு வழக்கில் ‘தேன்’ என்றே அழைக்கின்றனர்.

நம் நாட்டிலும் இது வெறும் அடுக்களை வேடிக்கை அன்று. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலை, ஏலமலைகளின் வாயிலாகும். மலைக்கு வருவோர் ஏலக்காயுடன் ஒரு புட்டி தேனும் வாங்கிச் செல்ல விரும்புவது இயல்பு. ஏலக்காயை நசுக்கி முகர்ந்தால் அதன் தரத்தை ஓரளவு அறியலாம். தேனின் தரத்தை அறிவது எப்படி? ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார் ஒருவர். தீக்குச்சியை அதில் தோய்த்து உரசிப் பார்ப்பார் மற்றொருவர். எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பாரும் உண்டு. இச்சோதனைகள் உண்மையில் எதைக் காட்டுகின்றன? இதற்கு விடை காணச் சிறந்த வழி, போலித் தேனை நாமே ஒருமுறை காய்ச்சிப் பார்ப்பதுதான்.

தேனீயின் அடுக்களை

பூவில் சுரப்பது தேன் அன்று. அது சர்க்கரை கலந்த நீர். இதனைப் பூந்தேன் என்று அழைப்போம். பூவுக்குப் பூ அதன் செறிவு மாறுபடும். பல பூக்களில் பாதிக்கு மேல் நீர்தான். அதில் கரைந்துள்ள சர்க்கரைகளுள் முக்கியமானது சுக்ரோஸ். நாம் காப்பியில் போடும் வெள்ளைச் சர்க்கரையும் சுக்ரோஸ்தான்.

தேனீ இந்த நீர்மத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, தன் சுரப்பிகளிலிருந்து வரும் இன்வர்டேஸ் என்னும் நொதியைக் கலந்து சுக்ரோஸை இரண்டாகப் பிளக்கிறது. பிளவின் பயனாகக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகள் உண்டாகின்றன. இரண்டாவது, கூட்டினுள் இறகை விசிறிக் காற்றோட்டம் உண்டாக்கி நீரை ஆவியாக்குகிறது. நீரின் பங்கு 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்போது தேன் பக்குவமடைகிறது. அதன்பின் தேனீ அந்த அறையை மெழுகால் மூடிவிடும்.

இவை இரண்டும் நிகழ்வது ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில். அடுப்பில்லை, கொதிப்பில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

நம் அடுக்களை

தேனீ செய்யும் அதே இரண்டு வேலைகளை நாம் வேறு வழியில் செய்யலாம். நொதிக்குப் பதில் எலுமிச்சையின் அமிலம். இறகுக்குப் பதில் அடுப்பின் வெப்பம்.

பூவைத் தேர்வதில் கவனம் வேண்டும். வீட்டில் மருந்து தெளிக்காமல் வளர்ந்த நாட்டு ரோஜாவோ செம்பருத்தியோ ஏற்றது. மாலைக்காகக் கடையில் விற்கும் பூக்கள் உண்பதற்காக வளர்க்கப்பட்டவை அல்ல. அவற்றில் பூச்சிமருந்து தங்கியிருக்கலாம். அரளி, செங்காந்தள், ஊமத்தை ஆகியவை நச்சுப் பூக்கள். இவற்றை அடுக்களைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. ஏலமலையில் இருப்பவர்கள் ஏலப்பூவைப் பயன்படுத்தலாமே என்று எண்ணக்கூடும். ஏலத்தோட்டங்களில் மருந்து தெளிப்பு மிகுதி. அதுவன்றி, பறிக்கும் ஒவ்வொரு பூவும் ஒரு காய் இழப்பாகும்.

இனி அளவுகள். ரோஜா இதழ் 50 கிராம், நீர் 500 மில்லி லிட்டர், சர்க்கரை 500 கிராம், எலுமிச்சைச் சாறு 30 மில்லி லிட்டர். இதழ்களைக் கழுவி நீரிலிட்டு 10 நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்திருந்து வடிகட்டுக. வடிநீரில் சர்க்கரையையும் சாற்றையும் சேர்த்து, அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் 40 நிமிடத்திற்குக் குறையாமல் காய்ச்சுக. புளிப்புப் பொருளுக்கு அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் உதவா. கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சுடும். ஆகவே சிறுவர்கள் பெரியவர்கள் உடனிருக்கவே இதைச் செய்யவேண்டும்.

எப்போது இறக்குவது? பாத்திரத்தை முன்பே எடை பார்த்து வைத்துக்கொண்டால் இதற்குத் தராசே விடை சொல்லும். பாகின் எடை ஏறத்தாழ 660 கிராமுக்கு வந்ததும் இறக்கிவிடலாம். ஆறியபின் கரண்டியிலிருந்து அது தேனைப் போலவே இழையாக ஒழுகும். உருட்டுப் பதம் வரை காய்ச்சிவிட்டால் ஆறியதும் இறுகிவிடும்.

வெப்பமானியைக் கொண்டு பதம் பார்க்கக் கூடாதா என்று மாணவர்கள் கேட்கலாம். பார்க்கலாம்; ஆனால் இடத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்திலுள்ள போடியில் நீர் 99 டிகிரி அளவில் கொதிக்கும். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகும் அப்படியே. ஒரே பதமுள்ள பாகு, கீழே கொதிப்பதைவிட மேலே 3 அல்லது 4 டிகிரி குறைவாகவே கொதிக்கும். சமவெளியில் எழுதிய குறிப்பில் உள்ள வெப்பநிலையை நம்பி மலையில் காய்ச்சினால் பாகு முற்றிவிடும். தராசுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

அமிலம் என்ன செய்தது?

எலுமிச்சை சேர்த்தது புளிப்புச் சுவைக்காக மட்டுமன்று. சுக்ரோஸ் மூலக்கூறு ஒன்று நீர் மூலக்கூறு ஒன்றினை ஏற்றுக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெறும் நீரில் இது மிக மெதுவாக நிகழும். அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் விரைந்து நிகழும். தான் செலவாகாமலே வினையை விரைவுபடுத்துவதால் அமிலம் இங்கே வினையூக்கியாகிறது.

இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. 342 கிராம் சுக்ரோஸ், 18 கிராம் நீரைத் தன்னுள் ஏற்று, 180 கிராம் குளுக்கோஸும் 180 கிராம் ஃபிரக்டோஸுமாக மாறும். அதாவது 500 கிராம் சர்க்கரை முழுவதும் பிளவுண்டால் 526 கிராம் எளிய சர்க்கரைகள் கிடைக்கும். 660 கிராம் பாகில் இது ஏறத்தாழ 80 விழுக்காடு. தேனிலும் சர்க்கரையின் பங்கு இந்த அளவுதான்!

பிளக்காமலே சர்க்கரைப் பாகினை இந்தச் செறிவுக்குக் கொண்டுவர முடியாதா? கொண்டுவரலாம், ஆனால் நிலைக்காது. அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் சுக்ரோஸ்தான் கரைந்து நிற்கும். இது 67 விழுக்காடு. அதற்கு மேல் உள்ள சர்க்கரை, பாகு ஆறியதும் படிகமாகிப் படிந்துவிடும். செறிவைக் குறைத்தாலோ, பாகு நாளடைவில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரக்டோஸின் கரைதிறன் மிக அதிகம். அதனால்தான் தேன் இத்தனை செறிவாக இருந்தும் நீர்மமாகவே இருக்கிறது. நுண்ணுயிர்கள் வளரத் தேவையான நீர் அதில் கிடைக்காததால் கெடாமலும் இருக்கிறது.

குளுக்கோஸுக்கு அந்த அளவு கரைதிறன் இல்லை. அதனால் நல்ல தேனிலும், குறிப்பாக மலைக் குளிரில், குளுக்கோஸ் படிகமாகி அடியில் உறைவதுண்டு. உறைந்த தேனைக் கண்டதும் ‘சர்க்கரை கலந்துவிட்டார்கள்’ என்று விற்றவர்மேல் குற்றம் சுமத்துவது சரியன்று.

ஒளி காட்டும் திருப்பம்

பாகில் நிகழ்ந்த மாற்றத்தைக் கண்ணால் காண இயற்பியல் ஓர் அழகிய வழியைத் தருகிறது. சாதாரண ஒளியில் அதிர்வுகள் எல்லாத் திசைகளிலும் இருக்கும். ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி தளவிளைவுற்ற ஒளி எனப்படும். அத்தகைய ஒளி சர்க்கரைக் கரைசலின் வழியே செல்லும்போது அதன் அதிர்வுத் தளம் திரும்புகிறது. கரிம நீர்மங்கள் ஒளியின் தளத்தைத் திருப்புவதை 1815-இல் பிரெஞ்சு அறிஞர் பியோ கண்டறிந்தார்.

சுக்ரோஸ் இத்தளத்தை வலப்புறம் திருப்பும். குளுக்கோஸும் வலப்புறமே திருப்பும். ஃபிரக்டோஸ் இடப்புறம் திருப்பும். அதன் வலிமை குளுக்கோஸினுடையதைவிட அதிகம். ஆகவே இரண்டும் சமஅளவில் கலந்த கலவை மொத்தத்தில் இடப்புறம் திருப்புகிறது. வலம் இடமாகத் தலைகீழானதால்தான் இக்கலவைக்குத் தலைகீழ்ச் சர்க்கரை என்னும் பொருளில் பெயர் வந்தது. 1850-இல் ஜெர்மானியரான வில்ஹெல்மி, இத்திருப்பத்தை நேரத்தோடு அளந்து, ஒரு வேதிவினையின் வேகத்தைக் கணித வாய்பாட்டில் எழுதினார். வேதிவினை வேகவியலின் தொடக்கம் இந்தச் சர்க்கரைப் பாகுதான்.

இதை வீட்டிலும் பார்க்கலாம். பெரும்பாலான கைப்பேசித் திரைகளிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளியே. திரையை வெண்மையாக்கி, மேசைமேல் கிடத்தி, அதன்மீது தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குவளையை வையுங்கள். போலராய்டு குளிர்கண்ணாடியின் ஒரு வில்லை வழியே மேலிருந்து பார்த்தபடி, திரை இருண்டு தோன்றும் வரை வில்லையைத் திருப்புங்கள். பிறகு 2 பங்கு சர்க்கரைக்கு 1 பங்கு நீர் வீதம் கரைத்து ஆறவைத்த தெளிந்த பாகினைக் குவளையில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். இருள் விலகி ஒளி தோன்றும். மீண்டும் இருளச் செய்ய வில்லையை வலப்புறம், அதாவது கடிகார முள் செல்லும் திசையில், திருப்ப வேண்டியிருக்கும். பாகின் உயரம் 10 சென்டிமீட்டர் ஆகும்போது இந்தக் கோணம் 60 டிகிரியை நெருங்கும். வெண்ணொளியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு திரும்புவதால் முழு இருளுக்குப் பதில் நிறங்கள் மாறி மாறித் தோன்றும்.

அடுத்து, பூ சேர்க்காமல் எலுமிச்சை மட்டும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டிய பாகினை ஊற்றிப் பாருங்கள். சர்க்கரை பெரும்பாலும் பிளவுண்டிருந்தால் இப்போது வில்லையை இடப்புறம், ஏறத்தாழ 20 டிகிரி வரை திருப்ப வேண்டியிருக்கும். ஒரு எலுமிச்சைச் சாறு ஒளியின் திசையையே மாற்றிவிட்டதைக் காண்பீர்கள். தேனை ஊற்றினாலும் பொதுவாக இடத்திருப்பமே காணப்படும்.

சொட்டும் தீக்குச்சியும்

இனி நம் வீட்டுச் சோதனைகளுக்கு வருவோம். தண்ணீரில் விட்ட சொட்டு கரையாமல் அடியில் சென்று தங்கினால் அது தேன் என்பர். சொட்டு தங்குவதற்குக் காரணம் அதன் அடர்த்தியும் பாகுநிலையும். நாம் காய்ச்சிய பாகிலும் இவ்விரண்டும் உண்டு. தோய்த்த தீக்குச்சி எரிந்தால் தேன் என்பர். அது காட்டுவது நீர் குறைவு என்பதை மட்டுமே. தாளில் இட்ட சொட்டு ஊறாமலிருப்பதும் அதையே காட்டுகிறது. மாறாக, மழைக்காலத்தில் பக்குவமடையுமுன் எடுத்த உண்மையான தேன் நீர் மிகுந்திருந்தால் இச்சோதனைகளில் தவறிவிடும். எறும்பு இனிப்பைத் தேடுவது. அது தேனையும் மொய்க்கும்.

ஆய்வகத்தின் ஒளிவிலகல்மானியும் அடிப்படையில் நீரின் அளவையே சொல்கிறது. நாம் மேலே செய்த ஒளித்திருப்பச் சோதனையும் பிளவுண்ட சர்க்கரையைக் காட்டுமேயன்றி, அதைப் பிளந்தது தேனீயா எலுமிச்சையா என்று காட்டாது. ஆக, தண்ணீர் கலந்து நீர்த்த தேனையும் வெறும் சர்க்கரைப் பாகினையும் இவை ஓரளவு காட்டிக்கொடுக்கலாம். திறமையாகக் காய்ச்சிய போலியிடம் இவை தோற்றுவிடும்.

தேனில் மட்டும் இருப்பவை எவை?

அடுப்பு விட்டுச்செல்லும் தடயம் ஒன்று உண்டு. அமிலத்தோடு சூடாகும்போது ஃபிரக்டோஸின் ஒரு சிறு பகுதி நீரை இழந்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரால் என்னும் பொருளாகிறது. புதிய தேனில் இது மிகக் குறைவு. இந்திய உணவுத் தர விதிகளின்படி ஒரு கிலோ தேனில் இது 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தேனீ தந்த நொதிகள் தேனில் இருக்கும். கொதித்த பாகில் இரா. தேனில் மகரந்தத் துகள்கள் உண்டு. அவற்றை உருப்பெருக்கியில் பார்த்து எந்தப் பூவின் தேன் என்றும் சொல்லலாம்.

கரும்புக்கும் ஒரு முத்திரை உண்டு. இயற்கையில் கார்பன்-12 உடன் சிறிதளவு கார்பன்-13 கலந்துள்ளது. ஒளிச்சேர்க்கை செய்யும் முறை வேறாக இருப்பதால், கரும்பும் மக்காச்சோளமும் தம் சர்க்கரையில் சேர்த்துக்கொள்ளும் கார்பன்-13 இன் விகிதம், தேனீ நாடும் பெரும்பாலான செடிகளில் உள்ளதைவிடச் சற்று அதிகம். நிறமாலைமானி இதைக் கண்டுவிடும். ஆனால் அரிசியிலிருந்தும் சர்க்கரைக் கிழங்கிலிருந்தும் செய்த பாகுகளில் இந்த முத்திரை இல்லை. கலப்படம் அங்கே தாவியது.

டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட முடிவுகள் இதை வெளிச்சமாக்கின. உள்நாட்டு ஆய்வகத்தின் வழக்கமான சோதனைகளில் தேறிய பல மாதிரிகள், ஜெர்மனியில் செய்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தவறின. 13 வணிகப் பெயர்களுள் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. நிறுவனங்கள் இம்முடிவை மறுத்தன. எனினும், சோதனைகளில் தேறுவதற்கென்றே பாகு தயாரிக்க முடியும் என்பது அப்போது வெளிப்பட்டது.

பாகு மலிந்தால் யாருக்கு இழப்பு?

வாங்குவோர் ஏமாறுவது மட்டுமே இழப்பன்று. மலிவான பாகு தேன் என்ற பெயரில் விற்கும்போது உண்மைத் தேனின் விலை சரிகிறது. மலையில் பாறையேறித் தேனெடுக்கும் பளியர் முதலிய பழங்குடியினரும், பெட்டிகளில் தேனீ வளர்ப்போரும் அந்த விலையோடு போட்டியிட முடியாது. தேனீ வளர்ப்பு முன்பே ஒருமுறை பெரும் அடி வாங்கிய தொழில். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் பரவித் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பாலானவற்றை அழித்தது.

ஏலமலைக்கு இது நேரடியான செய்தி. ஏலப்பூ விடியலில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அதில் மகரந்தப் பைக்கு மேலே சூலகமுடி நீண்டு நிற்பதால் மகரந்தம் தானாக அதில் சேராது. இந்தியத் தேனீயோ மலைத்தேனீயோ வந்து நுழைந்தால்தான் காய் பிடிக்கும். போடியின் ஏல மையத்திற்கு வரும் ஒவ்வொரு காய்க்குப் பின்னும் ஒரு பூச்சியின் வருகை இருக்கிறது. தேனீ வளர்ப்போர் தொழிலைக் கைவிட்டால் அவர்களுடைய பெட்டிகளும் தோட்டங்களிலிருந்து மறையும். நம் அடுப்பிலுள்ள பாகுச் சட்டியால் தேனின் இனிப்பைத் தர முடியும். மகரந்தச் சேர்க்கையைத் தர முடியாது.

பெயர் ஒன்றே வேண்டுவது

அப்படியானால் பூப்பாகு காய்ச்சுவது தவறா? தவறே இல்லை. தோசைக்கும் ரொட்டிக்கும் அது நல்ல துணை. சித்த மருத்துவத்தில் மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு என்று பாகு வகைகள் வழங்குகின்றன. நாம் காய்ச்சியதற்கும் ரோஜா மணப்பாகு என்ற பெயர் அழகாகப் பொருந்தும். தேன் என்ற பெயரைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சர்க்கரை நோயாளிக்குத் தேனும் மணப்பாகும் சர்க்கரையே. பூ சேர்ந்ததால் அது மருந்தாகிவிடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தூய தேனிலும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் விதைத்துகள்கள் இருக்கக்கூடும்; ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கலாம்.

தேன் வாங்குவோர் தண்ணீர்ச் சொட்டை நம்புவதைவிட, எடுத்தவர் யார், எந்த மலை, எந்தப் பருவம் என்று கேட்டு அறிவது மேல். புட்டியில் அடைத்ததாயின் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பார்க்க வேண்டும். வீட்டில் மணப்பாகு செய்தவர்கள், ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, பெயரையும் காய்ச்சிய நாளையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்தலாம். புளித்த மணமோ நுரையோ தோன்றினால் கொட்டிவிட வேண்டும்.